இரங்கல் என்னும் சொல்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

ஒரு மொழிக்குரிய பொருட்பெயர்கள் கடலைக் கடத்தல் எளிது. உள்ளத்து நிகழ்ச்சிகளின் பெயர்கள் அத்துணை எளிதிற் கடப்பனவல்ல. இதனைத் தெளிந்து காண்டற்கு மன்னார்த் தீவும் அதனை எதிர்நோக்கிய பெருநிலக் கரையும் தக்க இடங்களாகும். 1560 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றி அங்கே கோட்டை அமைத்தனர். 1658 ஆம் ஆண்டில் அதனை ஒல்லாந்தர்க்கு இழந்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலவிய அவர்தம் ஆட்சி ஈழத்துத் தமிழுக்குக் கதிரையையும் மேசையையும் அலுமாரியையும் சப்பாத்தையும் யன்னலையும் பாணையும் விட்டுச் சென்றது. ஆயின், அவர் தம் மொழிக்கு அணியெனப் போற்றும் ‘சௌதாதே’ என்னும் சொல் மாத்திரம் இக்கரையில் இறங்கவேயில்லை. அகன்றுபோன ஒருவரையோ ஓரிடத்தையோ நினைந்து, அந்நினைவிலே இன்பமும் துன்பமும் ஒருங்கே எய்தும் நிலை அச்சொல்லாற் குறிக்கப்படும். அதனை வேற்று மொழியிற் பெயர்த்தல் இயலாதென அம்மக்கள் கூறுவர். இத்தகைய பெருமிதம் எல்லா மொழியினர்க்கும் உண்டாதலின் அதனை முற்றும் நம்ப வேண்டுவதில்லை. கதிரையைக் கொணர்ந்தவன் அதனைக் கரையில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பலாம். ஏக்கத்தை அங்ஙனம் இறக்கி வைத்தல் ஒல்லாது. அன்றியும், கரையில் இருந்தோர்க்கு அதனினும் பழைய சொல்லொன்று முன்னரே இருந்தது. அச்சொல் ‘இரங்கல்’ என்பதாம். அதன் பொருள் யாது, ஆங்கிலத்தின் துயர்ச்சொற்களோடு அது யாங்ஙனம் மாறுபடும், அது சுருங்கியமையால் இக்கரை மக்கள் இழந்தது யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

1795 ஆம் ஆண்டில் மன்னார் ஆங்கிலேயர் கைப்பட்டது. அவர் மொழி பாடசாலை வழியாகவும் கச்சேரி வழியாகவும் நீதிமன்ற வழியாகவும் வந்தமையின், போர்த்துக்கேயம் நுழையாத இடங்களிலும் நுழைந்தது. பிரிவும் இழப்பும் பற்றி அம்மொழியிற் பெருவழக்காயுள்ள சொற்கள் மூன்று: லோங்கிங், கிறீஃப், றிகிறெற். மாணாக்கர் அவற்றை முறையே ஏக்கம், துக்கம், வருத்தம் என மனனஞ் செய்து தேர்வெழுதுவர். தேர்வுக்கு அது போதும், ஆராய்ச்சிக்குப் போதாது.

இம் மூன்று சொற்களின் பிறப்பை நோக்குவார்க்குச் சுவைமிக்க செய்தியொன்று புலப்படும். ‘லோங்கிங்’ என்பது நீளுதல் என்னும் பொருள்படும் பழைய ஆங்கில வினையினின்றும் வந்தது. காத்திருப்பவனுக்குக் காலம் நீண்டு தோன்றுதலை அது உட்கொண்டது. ‘கிறீஃப்’ என்பது பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல்; பாரம் என்பதே அதன் அடிப்பொருள். ‘றிகிறெற்’ என்பதோ பழைய பிரெஞ்சில் இறந்தாரை நினைந்து புலம்புதலைக் குறித்தது. இன்று ஆங்கிலேயர், விருந்துக்கு வர இயலாமையைத் தெரிவிக்கும் கடிதத்தில் வழங்கும் அச்சொல் ஒருகாற் பிணத்தின் அருகே அமர்ந்து அழுதற்குரியதாயிருந்தது! நீளமும் பாரமும் அழுகையுமாகத் தொடங்கிய இம்மூன்றும் நாளடைவிலே தம்முள் எல்லை வகுத்துக்கொண்டன. இனி வரக்கூடியதை அல்லது தொலைவில் உள்ளதை நோக்கியது லோங்கிங். போய்விட்டது எனத் தெளிந்ததன் முன்னிலையில் நிற்பது கிறீஃப். தான் செய்ததையோ செய்யத் தவறியதையோ திரும்பி நோக்குவது றிகிறெற். ஆகவே இச்சொற்களுள் எதனைக் கையாள்வதாயினும், கையாள்பவன் முன்னரே ஒன்றனை அறிந்திருத்தல் வேண்டும். இழந்தது மீளுமா, மீளாதா, அவ்விழப்பில் தன் பங்கு யாது என்பன துணியப்பட்ட பின்னரே சொல் தேரப்படும். துணிபு இல்லாதவனுக்கு அம்மொழி கொடுக்குஞ் சொல் மிகச் சில.

அச்சிலவற்றுள் ஒன்று ‘மிஸ்’ என்னும் வினை. எய்த அம்பு குறி தவறுதல் அதன் பழம்பொருள். பின்னர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இல்லாமையை உணர்தலையும் அது குறித்தது. இவ்வினைக்கு நேரான தமிழ்வினை இன்மையாற்போலும், இக்காலத்து இளைஞர் ‘மிஸ் பண்ணுதல்’ எனவே பேசுவாராயினர். தூயதமிழ் விரும்புவோர் அதனை எள்ளி நகையாடுவர். நகைத்தல் எளிது; அவ்விடத்து வைத்தற்குரிய தமிழ்ச்சொல்லைக் காட்டுதலன்றோ கடன்? ‘உன்னை நினைக்கிறேன்’ என்பது குறைந்து படுகிறது. ‘உனக்காக ஏங்குகிறேன்’ என்பது மிகுந்து விடுகிறது.

இனித் தமிழின் பக்கம் திரும்புவோம். தமிழிலே துயரைக் குறிக்கும் பழஞ்சொற்கள் நீளத்தினின்றும் பாரத்தினின்றும் பிறந்தனவாகத் தோன்றவில்லை. பல ஒலியோடு தொடர்புடையன. ‘ஏங்கு’ என்பது மனம் வாடுதலைக் குறிப்பதோடு ஒலித்தலையும் குறிக்கும். ‘இரங்கு’ என்பதும் அத்தகையதே. அலை இரங்கும், முரசு இரங்கும், யாழ் இரங்கும், மனிதரும் இரங்குவர். ‘புலம்பு’ என்னுஞ் சொல் இன்று வாய்விட்டு அரற்றுதலையே குறிப்பினும், தொல்காப்பிய உரியியல் அதற்குத் தனிமை எனப் பொருள் கூறிற்று. நெய்தல் நிலத் தலைவனுக்குச் சேர்ப்பன், துறைவன், கொண்கன் என்பவற்றோடு புலம்பன் என்றும் ஒரு பெயருண்டு. தனிமையைக் குறிக்குஞ் சொல்லும் கடற்கரைத் தலைவன் பெயரும் ஒரே வேரினவெனத் துணிய வேண்டுவதில்லை. அவை பண்டையோர் செவியில் ஒன்றையொன்று நினைவூட்டியிருத்தல் கூடும் என்ற அளவில் அமைதலே சால்பு. நெய்தல் என்னும் பெயரைப் பற்றியோ ஐயமில்லை. பூவின் பெயராகிய அதுவே நிலத்தின் பெயருமாயிற்று. சாவீட்டில் முழங்கும் பறைக்கும் அதுவே பெயராயிற்று. பக்குடுக்கை நன்கணியார் பாடிய புறநானூற்று 194 ஆம் பாட்டு, ஒரு மனையிற் சாப்பறையும் வேறொரு மனையில் மணமுழவும் ஒலிக்கும் உலகியலைக் காட்டுவது. ஆண்டுச் சாப்பறைக்கு அப்புலவர் இட்ட பெயர் நெய்தல் என்பதே.

தொல்காப்பியம் அகத்திணைக்குரிய உரிப்பொருள்களாக ஐந்தனை எண்ணிற்று. அவற்றுள் இரங்கலை நெய்தலுக்கு உரித்தாக்கியவர் உரையாசிரியர். முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்னும் பாகுபாட்டை மேற்போக்காக நோக்குவார், இரண்டும் காத்திருத்தலே எனக் கருதி, ஒன்று அமைதியாய்க் காத்தல், மற்றொன்று அழுது காத்தல் என்று வேறுபடுத்துவர். அஃது ஒருவாறு பொருந்துமாயினும் முழுவதும் பொருந்தாது. முல்லைத் தலைவிக்கு ஒரு தவணை உண்டு. கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிச் சென்றான் தலைவன்; முகில் எழுகின்றது, முல்லை அரும்புகின்றது, அவன் தேரும் வருகின்றது. அவளுடைய காத்தலுக்குக் கரை உண்டு. நெய்தலிலோ, கரையில் நிற்பவளுக்குக் காத்தலின் கரை தெரிவதில்லை. கடலுக்குக் கார் என்றும் கூதிர் என்றும் அத்தகைய தவணை யாது? காலை போன திமில் மாலை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஆதலின், இரங்கல் என்பது ஏக்கத்தின் மிகுதியன்று. துக்கத்தின் தொடக்கமும் அன்று. வருவான் என்பதும் வாரான் என்பதும் துணியப்படாத இடைவெளியில், அவ்விரண்டுக்கும் உரிய துயரை ஒருங்கே தாங்கும் நிலை அது. தலைவியின் இரங்கலில் ‘போக விட்டேனே’ என்னுங் கழிந்ததற்கு வருந்துதலும் கலந்திருக்கும். ஆங்கிலம் மூன்று கூறாக வகுத்தவற்றைத் தமிழ் ஒரு திணையில் அடக்கிற்று என்க.

இதனால் ஆங்கிலத்தில் நெய்தற் பாட்டுகளைப் பெயர்த்தோர் பட்ட இடர் விளங்கும். ஈழத்தவராகிய தனிநாயக அடிகள் சங்கப் பாட்டின் இயற்கைப் பின்னணியை ஆங்கிலம் வல்லார்க்கு 1950 களில் எடுத்துக்காட்டினார். 1967 ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ. கே. இராமானுசனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு அவற்றை உலக வாசகர் கைக்குக் கொணர்ந்தது. இராமானுசன் தம் நூலில் திணைகளை விளக்கும்போது, நெய்தலுக்குக் காதலில் எழும் பதற்றம், பிரிவு என்னுங் கருத்துப்பட ஆங்கிலம் தந்தார். அவருடைய பெயர்ப்புகளின் அழகை மறுப்பார் இலர். எனினும், பதற்றம் என்பது வருங்காலத்தை நோக்கிய உணர்ச்சி. தீங்கு நேருமோ என அஞ்சுவது. அதில் ஒலியில்லை, இறந்ததற்கு அழும் அழுகையும் இல்லை. கடலும் தலைவியும் ஒரே வினையால் இரங்கிய பாட்டில், ஆங்கிலத்துக் கடல் முழங்குகிறது, தலைவி கவலையுறுகிறாள். இரண்டற்கும் இடையிலிருந்த பாலம் அற்றுப்போகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் குற்றமன்று. அவர் கையிற் கொடுக்கப்பட்ட மொழியில் அவ்வினை இல்லை.

துயரைத் தனிச்சொல்லால் மாத்திரம் உணர்த்துதல் தமிழின் இயல்புமன்று. பொருளுடைய சொற்களை விடுத்து, தனித்து நின்றாற் பொருள் தராத இடைச்சொற்களிலேயே பண்டைத் தமிழர் தம் விழைவையும் கழிவிரக்கத்தையும் வைத்தனர் என்பது பலராலும் கருதப்படாத உண்மை. தொல்காப்பிய இடையியல் ‘தில்’ என்பதற்கு விழைவு, காலம், ஒழியிசை என மூன்று பொருளும், ‘மன்’ என்பதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருளும் கூறும். ‘எற்று’ என்பது இறந்த பொருள் பற்றியது என்றும் கூறும். ஆசையைத் ‘தில்’ என்னும் ஓரசையிலும், இழப்பை ‘மன்’ என்னும் ஓரசையிலும் அடக்கிய மொழி இது. இரண்டும் ஒழியிசைப் பொருளிற் கூடுதல் வியப்புக்குரியது. சொல்ல வந்ததைச் சொல்லி முடியாது விடுதலே ஒழியிசை. விழைவோனும் இழந்தோனும் ஒரே இடத்தில் வாயடைத்து நிற்கின்றனர் போலும்.

கழிவுப் பொருளில் வரும் ‘மன்’ என்பதற்கு உரையாசிரியர் எடுத்துக்காட்டுவது, அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்று 235 ஆம் பாட்டாகும். கள் சிறிது கிடைத்தபோது அதனைத் தமக்கே கொடுத்தான் எனவும், மிகுதியாகக் கிடைத்தபோது தாம் பாட உடனிருந்து உண்டான் எனவும் ஔவையார் நினைவுகூர்கின்றார். வாக்கியந்தோறும் ‘மன்’ வந்து, இனி அது இல்லை என்பதைச் சொல்லாமற் சொல்கிறது. துயர் என்னும் பெயரின் துணை அங்கே வேண்டப்படவில்லை. விழைவுப் பொருளில் வரும் ‘தில்’ என்பதற்கு எடுத்துக்காட்டு, தொல்கபிலரின் குறுந்தொகை 14 ஆம் பாட்டு. அடைய விரும்பும் ஒருவன் தன் விருப்பத்தை அவ்வோரசையில் ஏற்றிவிடுகின்றான்.

ஆங்கிலத்துக்கும் இத்தகைய வழக்குகள் இல்லாமலில்லை. முன்பு வழக்கமாய் நடந்து இப்பொழுது நின்றுபோனதைக் குறிக்க அவர் வழங்கும் ‘யூஸ்ற் ரு’ என்னும் சிறுதொடர், மன்னைச் சொல்லின் கழிவுப் பொருளுக்கு மிக அணித்தாய் வருவது. ‘இஃப் ஒன்லி’ என்பது விழைவையும் கழிவிரக்கத்தையும் ஒருங்கே தாங்கும். ஔவையாரைப் பெயர்க்கும் ஆங்கிலேயன் சோகச்சொற்களைத் தேடி அகராதியைப் புரட்டுதலினும் இச்சிறு தொடர்களை நம்புதல் நன்று. பெரிய சொல் துயரைப் பெயரிட்டு அகற்றி வைக்கும். சிறிய சொல்லோ அதனை வாக்கியத்தின் நரம்பிலே ஓடவிடும். தமிழில் இன்று ‘மன்’ உம் ‘தில்’ உம் வழக்கொழிந்தன. அவற்றின் கடனை ‘இருந்திருப்பானே’, ‘வந்திருக்கலாமே’ என ஈற்றில் நிற்கும் ஏகாரம் சுமந்துவருகிறது.

இரங்கல் என்னுஞ் சொல் அகப்பாட்டோடு நின்றுவிடவில்லை. மன்னார்க் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடினர். இருவரும் கடலைக் கடவாது இராமேச்சரத்தில் நின்றே இத்தலத்தை நினைந்து பாடினர் எனப் பெரியபுராணங் கொண்டு அறியப்படும். அக்கரை நோக்கி நின்று பாடுதல் நெய்தலின் நிலையே. ஆயினும் பத்தி நெறியில் அச்சொல்லின் திசை மாறிற்று. இரங்குபவள் தலைவி என்ற நிலை போய், இரங்குபவன் இறைவன் என்றாயிற்று. துன்புறுவார்க்குரிய வினை, துன்பந் துடைப்பார்க்கு உரியதாயிற்று. ஆங்கிலத்தில் இழந்தவனின் துயரும் அவன்மீது பிறர் கொள்ளும் கருணையும் வெவ்வேறு வேர்ச்சொற்களாற் சொல்லப்படும்; தமிழில் இரங்கலும் இரக்கமும் ஒரு வேரின. பிறன் துன்பத்தைக் கேட்டவன் உள்ளமும் அதே ஒலியை எழுப்புகிறது என்பது இதன் கருத்தாகலாம். போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்ட அக்கோயிலை மீளவும் எழுப்பவேண்டுமென ஆறுமுக நாவலர் 1872 ஆம் ஆண்டில் சைவ மக்களை அழைத்தார். அவர் இழப்பைக் குறித்துப் புலம்பவில்லை, திருப்பணிக்கு ஏவினார். கழிவிரக்கத்தைக் கருமமாக்கிய செயல் அது.

கத்தோலிக்க மக்களிடையே இச்சொற்கள் பெற்ற வாழ்வும் ஒதுக்கத்தக்கதன்று. மடுத் திருப்பதிக்குச் செல்வோரும் இரக்கம் என்னும் சொல்லாலேயே மன்றாடுவர். மரியன்னையின் துயர்க்கு அவர்கள் வழங்கும் பெயர் வியாகுலம். பாவத்துக்கு வருந்துதலை அவர்கள் மனஸ்தாபம் என்பர். உத்தம மனஸ்தாபம் என ஒரு செபமே உண்டு. அதே மனஸ்தாபம் ஊர் வழக்கில் இருவரிடையே உண்டாகும் மனக்கசப்பைக் குறிக்கும். அயலானோடு மனஸ்தாபம் உடையவனே ஆலயத்தில் மனஸ்தாபப்பட வேண்டும் என்பதாயிற்று. ஆங்கிலத்து றிகிறெற் என்னுஞ் சொல்லை இவ்விரண்டில் எதனாற் பெயர்ப்பினும் பொருள் பிறழும்.

இங்ஙனம் பரந்து கிடந்த இரங்கல் செய்தித்தாளின் காலத்திற் சுருங்கிற்று. இரங்கற் கூட்டம், இரங்கற்பா, ஆழ்ந்த இரங்கல் என்பனவே இன்று வழங்குவன. இறப்பு உறுதிப்பட்ட பின்னர், இழந்தார் அல்லாத பிறர், இழந்தார்க்கு முறைமைக்காகத் தெரிவிக்கும் ஒன்றாக அது முடிந்தது. ‘ஆழ்ந்த’ என்னும் அடைகூட ஆங்கிலக் கடிதத்தின் நிழலே. பழைய பொருளிலிருந்து மூன்று படி விலகிற்று என்னலாம்: துணிவின்மை போய்த் துணிவாயிற்று, இழந்தவள் போய் அயலாராயினர், ஒலி போய் எழுத்தாயிற்று.

சொற்பொருள் சுருங்குதல் எம்மொழிக்கும் இயல்பு. அதனை அகராதி வரைவோர் குறித்துவைத்தால் அமையாதோ எனின், அமையாது. மன்னார் மாவட்டத்தில் அச்சொல் வேண்டப்படும் நிலை இந்நூற்றாண்டில் எழுந்தது. போர் முடிந்தபின் அரசு அமைத்த படிப்பினைகளும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு 2011 சனவரியில் மன்னாரில் அமர்ந்தபோது, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசாங்கக் கச்சேரிக் கணக்குகளை ஒப்பிட்டு, வன்னியில் 146,679 பேர் என்ன ஆயினர் என்பது தெரியவில்லை என எடுத்துரைத்தார். இத்தகையோரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்குவது ‘அன்எக்கவுண்டட் ஃபோர்’ என்னுந் தொடர். கணக்கில் ஏறாதவர் என்பது அதன் சொற்பொருள். கணக்கனின் மேசையிற் பிறந்த இத்தொடர் தண்மையானதே. எனினும் அவ்விடத்திற்கு அது நேர்மையானது. ஆயர் அத்துணை மக்களும் இறந்தனர் எனக் கூறவில்லை. இருக்கின்றனர் எனவும் கூறவில்லை. துணியப்படாததைத் துணியாது விடும் சொல்லை ஆங்கிலம் கணக்கேட்டிலிருந்து எடுத்துத் தந்தது. தமிழோ அதற்கெனத் திணையொன்றையே வகுத்திருந்தும், அன்று எடுத்துக் கொடுத்தற்கு ஒரு சொல் அதன் கையில் இருக்கவில்லை.

சட்டமும் இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்டது. 2010 ஆம் ஆண்டுச் சட்டம் காணாதவர்க்கு மரணச் சான்றிதழ் பெற வழி வகுத்தது. அதனை ஏற்கப் பல குடும்பத்தார் மறுத்தனர். ஏற்றல், இறப்பை ஒப்புக்கொள்ளுதலாகும் அன்றோ? 2016 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் எனக் கூறாது, ஆள் இல்லாமையை மாத்திரம் சான்றுபடுத்தும் பத்திரமொன்று புகுத்தப்பட்டது. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் என்பார் இத்தகைய நிலைக்கு 1970 களிலேயே ஒரு பெயர் வகுத்தார்; தெளிவற்ற இழப்பு என அதனைத் தமிழாக்கலாம். துக்கங் காத்து முடிக்கவும் இயலாது, நம்பி இருக்கவும் இயலாது நிற்போர் நிலை அது. நெய்தலுக்கு உரை வகுத்தவர்க்கு அது புதுமையாய்த் தோன்றியிராது.

பெயரிடுதலில் எழுந்த பூசல் இலக்கணப் பூசலுமாம். முதலில் ‘காணாமற் போனோர்’ என்றனர். போதல் தன்வினை, போனவர் தாமே போயினர் என்பது அதன் குறிப்பு. உறவினர் அதனை மறுத்துக் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றனர். செயப்பாட்டு வினை வந்தவுடன், செய்தவன் யார் என்னும் வினா உடன் வந்தது. ஆங்கிலத்திலும் மறைதலைக் குறிக்குந் தன்வினையை, வலிந்து மறைக்கப்படுதல் எனச் சட்டமொழி மாற்றிக்கொண்டது. தமிழ் இலக்கணத்தைத் தேர்வுக்கான பாடமாக மாத்திரம் கருதுவார், தன்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் இடையில் எத்தனை தாய்மார் நின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும்.

இதே அளவுகோலைத் தமிழர் தமக்கும் வைத்துப் பார்த்தலே நடுநிலை. 1990 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முசிலிம் மக்கள் 70,000 இற்கு மேற்பட்டோரை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய மன்னார்த் தீவின் ஊரவர் கடல்வழியே கற்பிட்டி, புத்தளம் பகுதிகளை அடைந்து, முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அவரைக் குறிக்க ‘இடம்பெயர்ந்தோர்’ என்னுஞ் சொல்லைத் தமிழ் ஏடுகள் பல்லாண்டு வழங்கின. பெயர்தலும் தன்வினையே. காணாமற் போனோர் என்னுஞ் சொல்லில் உள்ள மறைப்பைக் கண்டு வெகுண்ட மொழி, இச்சொல்லில் உள்ள மறைப்பைக் காண நெடுங்காலம் எடுத்தது. ‘வெளியேற்றப்பட்டோர்’ என்பதே உண்மைக்கு ஒத்த சொல். அவர்தம் ஊர்நினைவுக்கு ஆங்கிலத்தில் ‘நொஸ்ரால்ஜியா’ என்னுஞ் சொல்லைச் சிலர் எளிதாக இடுவர். 1688 ஆம் ஆண்டிற் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோகான்னசு ஓஃபர், வீடு திரும்பலையும் நோவையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து ஒரு நோய்க்குப் படைத்த பெயர் அது. ஊர்க்கு ஏங்குதலை நோயெனக் கொள்ளின், அதற்கு மருந்து ஏங்குவானுக்கே கொடுக்கப்படும்; ஊரை விட்டு அகற்றியவனை யாரும் வினவார்.

றிகிறெற் என்னுஞ் சொல்லின் இன்றைய பயனும் இவ்விடத்தே புலனாகிறது. அரசுகளும் இயக்கங்களும் தம் அறிக்கைகளில் அச்சொல்லை விரும்பி எடுத்தல், அது பொறுப்பை ஏற்காமல் வருத்தத்தைத் தெரிவிக்க இடந்தருதல் பற்றியே. ‘நடந்தது குறித்து வருந்துகிறோம்’ என்னுந் தமிழும் அத்தகையதே. மழை பெய்தமைக்கும் அவ்வாறே வருந்தலாம். கழிவிரக்கம் என எழுதின் செய்தவன் தானென்பது தொனிக்கும். அதனால் அறிக்கை எழுதுவோர் அதனை நாடார். அன்றியும் அச்சொல் இப்பொழுது தன்னைத் தானே நொந்துகொள்ளும் பலவீனத்துக்குப் பெயராகி, இழிபொருள் எய்திவருகிறது.

இரங்கலை அதன் பழைய பொருளில் மீட்கலாமோ என வினவுவார்க்கு எளிதான விடை இல்லை. ‘இரங்கும் தாய்’ என எழுதின், பிறர்மீது இரக்கங் கொள்ளும் ஒருத்தியையே இன்றைய வாசகர் எண்ணுவர். ‘தாயின் இரங்கல்’ என எழுதின், மகன் இறந்தான் எனக் கொண்டு செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தை நினைப்பர். அத்தாயோ அதனையே மறுக்கின்றாள். மன்னாரிலும் வட கிழக்கின் பிற மாவட்டங்களிலும் உறவினர் ஏந்திய பதாகைகளில் ஏக்கம், துக்கம், இரங்கல் என்னும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அவற்றில் மகனின் நிழற்படம் இருந்தது; அதன் கீழே ‘எங்கே?’ என்னும் வினாச்சொல் இருந்தது.